படத்தில் தெரியாத பைகள்: ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் ஆக விரும்புவோர் சுமப்பது என்ன?

நவி மும்பை: பத்திரிகையின் அட்டையில் ஒரு மாடல் அணிந்திருக்கும் ஆடை பெரும்பாலும் அவருக்குச் சொந்தமானதல்ல, பத்திரிகைக்கும் சொந்தமானதல்ல. ஆடை நிறுவனத்திடமிருந்து ஓரிரு நாள்களுக்கு இரவலாகப் பெறப்பட்டு, படம் எடுத்து முடிந்ததும் கறையின்றித் திருப்பித் தரப்படவேண்டிய பொருள் அது. அந்த இரவலுக்குப் பொறுப்பேற்பவர் ஸ்டைலிஸ்ட். பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுபவர் அவருடைய உதவியாளர்.

இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர்கள் முதலில் ஏற்கும் வேலை இந்த உதவியாளர் வேலைதான். அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை, பணி நியமனக் கடிதமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் லட்ச ரூபாய் மதிப்புள்ள ஆடை அணிகலன்கள் முதல் நாளிலேயே அவர்கள் கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு, உழைப்புக்கான பணம் எப்போது வரும், படத்தில் யாருடைய பெயர் இடம்பெறும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் வேலை தொடங்கும் முன்பே விடை தெரிந்திருப்பது அரிது.

தொலைவு என்னும் செலவு

கோபர்கைரனே, சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய நவி மும்பையின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்று தமிழர்களின் பழைய வாழ்விடமாக அது அறியப்படவில்லை. எனினும், நகரின் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடற்கழியைக் கடந்து வந்த குடும்பங்கள் நவி மும்பை முழுவதும் உள்ளன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் அடக்கம்.

ஃபேஷன் படிப்பைப் பொறுத்தவரை இப்பகுதி வசதியானது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டின் மும்பை வளாகம் நவி மும்பையின் கார்கரில்தான் அமைந்துள்ளது. தாணே - பன்வேல் புறநகர் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் சென்றுவிடலாம். சிக்கல் படிப்புக்குப் பிறகு தொடங்குகிறது. புகைப்பட ஸ்டுடியோக்களும் விளம்பர நிறுவனங்களும் ஆடை நிறுவனங்களின் காட்சிக்கூடங்களும் அந்தேரி, பாந்த்ரா, லோயர் பரேல் என்று நகரின் மேற்குப் பகுதியிலேயே குவிந்துள்ளன.

காலை 8 மணிக்கு அந்தேரி ஸ்டுடியோவில் இருக்கவேண்டிய ஒருவர், கோபர்கைரனேயிலிருந்து தாணே சென்று, அங்கு மத்திய ரயில் பாதைக்கு மாறி, காட்கோபரில் இறங்கி, 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதல் மெட்ரோ தடத்தில் ஏறவேண்டும். வெறுங்கையுடன் செல்பவருக்கே இது எளிதன்று. இரண்டு சூட்கேஸ்கள், ஓர் ஆடை நீராவிக் கருவி, உறையிட்ட நான்கு கவுன்கள் ஆகியவற்றுடன் நெரிசல் நேரத்தில் பொதுப்பெட்டியில் ஏற இயலாது. எனவே லக்கேஜ் பெட்டி அல்லது வாடகைக் கார். காருக்கான பணத்தை முதலில் யார் கொடுப்பது என்பதில்தான் பல உதவியாளர்களின் முதல் மாத வருமானம் கரைகிறது. நகருக்குள் வசிப்பவருக்கு இல்லாத ஒரு நுழைவுக் கட்டணம் என்றே இதைச் சொல்லலாம்.

வேலை என்பது என்ன?

ஆடை வடிவமைப்பாளர் துணியிலிருந்து ஆடையை உருவாக்குகிறார். ஸ்டைலிஸ்ட் ஏற்கெனவே உள்ள ஆடைகளிலிருந்து ஒரு தோற்றத்தை உருவாக்குகிறார். எந்தப் புடவைக்கு எந்த ரவிக்கை, எந்தக் காலணி, எந்தக் கம்மல் என்பதை அவரே முடிவு செய்கிறார். படத்தின் மனநிலையை விளக்கும் 'மூட்போர்டு' தயாராகி வாடிக்கையாளரின் ஒப்புதல் கிடைத்ததும் சேகரிப்பு தொடங்கும்.

மும்பையில் இச்சேகரிப்பு, நகரையே ஒரு துணி அலமாரியாகப் பயன்படுத்தும் வேலை. விலையுயர்ந்த ஆடைகள் நிறுவனங்களின் விளம்பரத் தொடர்பாளர்களிடமிருந்து வரும். மற்றவற்றுக்குக் கடைத்தெருதான். துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட்டும் தாதரின் இந்துமாதா பகுதியும், கவரிங் நகைக்கும் சரிகைக் கரைக்கும் புலேஷ்வரும், பெல்ட், தோல்பைகளுக்குத் தாராவியும் உதவுகின்றன. தென்னிந்திய மணப்பெண் தோற்றம் தேவையென்றால் மாட்டுங்கா பூக்கடைகளைத் தவிர்க்க முடியாது; தலைநிறைய வைக்கும் கட்டான மல்லிகைச் சரத்தை அங்கு தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

படப்பிடிப்பு நாளன்று உதவியாளரின் கைகள் ஓய்வதில்லை. ஒவ்வோர் ஆடையையும் நீராவியால் சுருக்கம் நீக்கவேண்டும். பட்டின் மீது கருவியிலிருந்து நீர் தெறித்தால் கறை தங்கிவிடும் என்பதால் அதற்குத் தனிக் கவனம் தேவை. காலணிகளின் அடிப்பகுதியில் காகித டேப் ஒட்டவேண்டும். தரையில் தேய்ந்த காலணியைக் கடை திரும்பப் பெறாது. விலைச்சீட்டைக் கத்தரிக்காமல் ஆடைக்குள் மறைத்து ஊக்கு குத்தவேண்டும். தலைவழியாக ஆடை அணிவிக்கும்போது ஒப்பனை கழுத்துப்பட்டையில் படாதிருக்க மாடலின் முகத்தை மெல்லிய துணியால் மூடுவது வழக்கம். அளவு பெரிதான சட்டையை முதுகுப்புறம் கிளிப்புகளால் இறுக்கிப் பிடித்தால், கேமராவின் பார்வையில் அது அளவெடுத்துத் தைத்ததுபோல் தெரியும். ஆனால் முன், பின், பக்கவாட்டு என எல்லாக் கோணங்களிலும் படம் கோரும் இணைய விற்பனைத் தளங்களிடம் இந்தத் தந்திரம் செல்லாது. அங்கு உட்புறமாகவே ஊக்குகளைக் குத்தவேண்டும்.

வீட்டில் கற்ற ஒரு திறனுக்கு இங்கு எதிர்பாராத மதிப்பு உண்டு. புடவையைக் கொசுவம் கலையாமல் சில நிமிடங்களில் கட்டிவிடத் தெரிந்தவர், மடிசாருக்கும் பின்கொசுவத்துக்கும் வேறுபாடு அறிந்தவர், பண்டிகைக் காலப் படப்பிடிப்புகளில் தேவைப்படுபவர் ஆகிறார்.

கறைக்கு யார் பொறுப்பு?

இரவல் ஆடைகள் வரும்போது 'சலான்' எனப்படும் ஒப்படைப்புச் சீட்டு உடன் வரும். பொருளின் பெயர், எண்ணிக்கை, சில வேளைகளில் விலை ஆகியவை அதில் இருக்கும். கையொப்பமிடுபவர் பெரும்பாலும் உதவியாளர். அவர் கவனிக்கத் தவறும் இடமும் இதுவே: தம் பெயரில் கையொப்பமிடுகிறாரா, ஸ்டைலிஸ்ட் சார்பில் இடுகிறாரா என்பது பின்னாளில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

திருப்பித் தரும் நிபந்தனையுடன் பிறர் பொருளைப் பெற்றுக்கொள்வது குறித்து 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளிடம் காட்டும் அளவு கவனத்தைக் காட்டவேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. அந்தக் கவனத்தைக் காட்டியும் இழப்பு நேர்ந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில் அவர் பொறுப்பாக மாட்டார் என்பது 152ஆவது பிரிவு. 'சேதமடைந்தால் முழு விலையும் தரப்படும்' என்ற வரி சலானில் இருந்தால், அதுவே தனி ஒப்பந்தம் ஆகிவிடக்கூடும். படிக்காமல் கையொப்பமிடும் ஒரு வரி, பல நாள் ஊதியத்துக்குச் சமமாகலாம்.

பொருளைப் பெறும்போதே ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, உதிர்ந்த மணியையும் பிரிந்த தையலையும் அப்போதே செய்தியாக அனுப்பிவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். திருப்பித் தரும்போதும் அதே சீட்டில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கவேண்டும்.

பணம் வரும் பாதை

ஆடை நிறுவனம் விளம்பர நிறுவனத்துக்கும், விளம்பர நிறுவனம் தயாரிப்பாளருக்கும், தயாரிப்பாளர் ஸ்டைலிஸ்டுக்கும், ஸ்டைலிஸ்ட் உதவியாளருக்கும் பணம் தருகின்றனர். சங்கிலியின் முதல் கண்ணியில் ஏற்படும் தாமதம் கடைசிக் கண்ணியை வந்தடைகையில் மாதங்களாகிவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்காக அடுத்த வாய்ப்பை இழக்க விரும்பாத உதவியாளர் மௌனம் காக்கிறார்.

சட்டத்தில் இதற்கு ஓரளவு தீர்வு உண்டு. தனிநபராகச் சேவை வழங்கும் ஒருவரும் 'உத்யம்' இணையதளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் அவருக்குரிய தொகையை நிறுத்திவைக்க முடியாது. தாமதமானால் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும். காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்து முடிக்கும் வரை நிறுவனங்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பதிவை வேலைக்குப் பின் செய்துகொண்டு முந்தைய பாக்கியைக் கோருவது சட்டச் சிக்கலுக்குரியது. முன்னரே செய்துகொள்வதே பாதுகாப்பு.

தொழில்முறைக் கட்டணமாகக் கருதப்படும் தொகையிலிருந்து 10 சதவீதம் வரி பிடிக்கப்பட்டால், வரி வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இதை அறியாமல் விட்டுவிடுவோர் பலர்.

ஊதியமற்ற வேலை எல்லாமே சுரண்டல் என்று கூறிவிட முடியாது. புகைப்படக் கலைஞர், மாடல், ஒப்பனையாளர், ஸ்டைலிஸ்ட் ஆகிய நால்வரும் புதியவர்களாக, யாரும் யாருக்கும் பணம் தராமல், படங்களைப் பகிர்ந்துகொள்ளும் 'டெஸ்ட் ஷூட்' நேர்மையான ஏற்பாடே. ஒரு பொருளை விற்பதற்காக எடுக்கப்படும் படத்தில் மற்ற அனைவரும் ஊதியம் பெற, உதவியாளருக்கு மட்டும் 'அனுபவம்' வழங்கப்படுமானால் அது வேறு வகை.

அமெரிக்காவில் இக்கேள்வி நீதிமன்றத்தையே எட்டியது. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் ஆடை மாதிரிகளைப் பெறுவதையும் அனுப்புவதையும் ஒருங்கிணைத்த ஊதியமற்ற பயிற்சியாளர் ஒருவர், 2012ஆம் ஆண்டு ஹர்ஸ்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆனால், வோக் இதழை வெளியிடும் காண்டே நாஸ்ட் நிறுவனம் இதுபோன்ற மற்றொரு வழக்கில் 2014இல் 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது.

பெயரும் படமும்

ஸ்டைலிஸ்டாக முன்னேற விரும்புபவருக்கு ஊதியத்தைவிடவும் தேவையானது, தாம் பணியாற்றிய படங்களின் தொகுப்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாயின், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். உடுத்திவிட்டவருக்கு அப்படத்தில் பதிப்புரிமை இல்லை. ஆகவே தொகுப்பில் பயன்படுத்தும் அனுமதியையும், பெயர் குறிப்பிடப்படும் என்ற உறுதியையும் மின்னஞ்சலில் முன்கூட்டியே பெறவேண்டியுள்ளது.

பத்திரிகைப் பக்கத்திலிருந்து திரைக்குச் செல்லும் பாதை இந்த நகருக்குப் புதிதல்ல. 'ஈவ்ஸ் வீக்லி' இதழுக்கு ஆடை ஓவியங்கள் வரைந்த பானு அத்தையா, 'காந்தி' படத்துக்காக 1983இல் ஜான் மோலோவுடன் இணைந்து ஆஸ்கர் விருது பெற்றார். ஆஸ்கர் வென்ற முதல் இந்தியர் அவரே.

அப்பாதையில் செல்வோர் தொழிற்சங்கங்களின் விதிகளையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். மும்பைத் திரைத்துறையில் பெண்கள் சிகையலங்காரம் செய்யலாம், ஒப்பனைக் கலைஞராக முடியாது என்ற சங்க விதியை, சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்து ஆண்டுகள் வசித்திருக்கவேண்டும் என்ற விதியும் அதே தீர்ப்பில் நீங்கியது. பிற மாநிலங்களிலிருந்து மும்பைக்கு வருவோருக்கு இந்த இரண்டாம் பகுதி முதற்பகுதிக்குக் குறையாத முக்கியத்துவம் உடையது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாத பயிற்சியாளரையும் பணியாளராகவே ஏற்கிறது. பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் ஸ்டுடியோவில் உட்புகார்க் குழு இருக்காது. அந்நிலையில் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம்.

படப்பிடிப்பு முடிந்து விளக்குகள் அணைந்த பிறகும் உதவியாளரின் நாள் முடிவதில்லை. ஆடைகளை எண்ணி, சலானுடன் ஒப்பிட்டு, காலணி டேப்பை உரித்து, உறைகளில் இட்டு அடுக்கவேண்டும். காட்சிக்கூடங்கள் அந்நேரம் மூடியிருக்கும். எனவே அந்தப் பைகள் அன்றிரவு உதவியாளருடன் கோபர்கைரனேவுக்கு வருகின்றன. மறுநாள் காலை அதே ரயிலில் திரும்பிச் செல்கின்றன.