உங்களுக்குத் தெரியுமா? பீதித் தாக்குதலைப் பிரித்துக் காட்டிய செவிலியர்கள்

நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது. ‘இதோ உயிர் போகிறது’ என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினால், ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது! இந்தப் பீதித் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, தானாகவே இறங்கிவிடும்.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில், மனநல மருத்துவர் டொனால்டு கிளைன் இத்தகைய தாக்குதல் வரும் நோயாளி ஒருவருக்கு இமிப்ரமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரமாகியும் குணம் தெரியவில்லை என்றே தோன்றியது. வார்டு செவிலியர்கள்தான் கவனித்தார்கள்: ‘சாகப்போகிறேன்’ என்று தங்கள் மேசைக்கு ஓடிவருவதை நோயாளி நிறுத்தியிருந்தார். மற்றக் கவலைகள் அப்படியே இருக்க, தாக்குதல் மட்டும் நின்றிருந்தது. பீதிக் கோளாறு தனி நோயாக 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற, கிளைனின் ஆய்வு முக்கியக் காரணம்.

இன்று பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளையே முதலில் தருகிறார்கள். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்தக் கூடாது.

மருந்தில்லாத வழியும் உண்டு. அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் நோயாளியைச் சுழல் நாற்காலியில் சுற்றவைப்பார்கள். மெல்லிய ஸ்ட்ரா வழியே மூச்சுவிடச் சொல்வார்கள். தலை சுற்றும், மூச்சு முட்டும். ஆனால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியதில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. எத்தனை ஆறுதலான பாடம் இது!

முதல் முறை நெஞ்சு வலித்தால் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். அது நன்றாக இருந்தால், ‘வெறும் மனப்பிரமை’ என்று யாரையும் ஒதுக்காதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.