ஸ்டாண்டர்டு என்னும் பெயர்

இனயம் கடற்கரையில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் ஊருக்குள் ஒரு மோட்டார் கார் வந்துவிட்டால் பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னே ஓடுவோம். மணலும் ஓலைவேலியும் நெருங்கிய அந்தத் தெருவில், அம்பாசடர் வந்தால் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு முறை அசைந்துதான் திரும்பும். நோயாளியைப் பார்க்க எப்போதேனும் வரும் மருத்துவர் ஒருவருடைய சிறிய கார் மட்டும் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். அதனினும் பெரிய விந்தை ஒன்றுண்டு. எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் காரின் முன்பகுதி முழுவதும், விளக்குகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சுறா வாய் பிளப்பதுபோல் இருக்கிறது என்பான் என்னோடு ஓடி வந்தவன். அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மாணவ நண்பர்களே, அந்தப் பெயர் எங்கே பிறந்தது, எங்கே முடிந்தது என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். பிறந்தது இங்கிலாந்தில். முடிந்ததோ நம் சென்னையின் அருகே.

1903-ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரத்தில் ரெஜினால்டு மாட்ஸ்லே என்னும் பொறியியலார் ஒரு கார்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனிப் புதுமையாகச் செய்து பார்த்த காலம் அது. அவரோ, சோதித்துத் தேர்ந்த உறுப்புகளை மட்டுமே கொண்டு வண்டி செய்ய வேண்டும் என்று கருதினார். ஆகவே, உயர்ந்த அளவுகோல் என்னும் பொருள்படத் தம் காருக்கு ஸ்டாண்டர்டு என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கொடி என்றும் ஒரு பொருள் உண்டு. பிற்காலத்தில் அந்நிறுவனம் தன் கார்களுக்கு என்சைன், பென்னன்ட் என்று கொடிகளின் பெயர்களைச் சூட்டியதும் அதனாலேயே. ஹெரால்டு என்றால் அரசன் வரவை முன்சென்று அறிவிக்கும் கட்டியங்காரன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், நலிந்திருந்த டிரயம்ப் என்னும் மற்றொரு கார் நிறுவனத்தை ஸ்டாண்டர்டு விலைக்கு வாங்கியது. 1947-இல் வேன்கார்டு என்ற காரை அறிமுகம் செய்தது. அதன் எஞ்சினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிஸ்டன் ஓடும் உருளைக்குள் தனி உறை ஒன்றைப் பொருத்தி, குளிர்விக்கும் நீர் அந்த உறையையே நேரே தொடும்படி அதனை அமைத்திருந்தார்கள். உறை தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. அதே நிறுவனம் செய்துவந்த பெர்குசன் டிராக்டரிலும் இக்குடும்பத்து எஞ்சினே இருந்தது. உழைப்புக்கு அஞ்சாத எஞ்சின்தான், ஆயினும் கனமானது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவோம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் கார்கள் பெரும்பாலும் துண்டு துண்டாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1948-இல் சென்னையில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; அதுவே 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. யூனியன் கம்பெனி என்ற சென்னை நிறுவனம் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற தொழிற்சாலையை நடத்தியது. பூட்டுவது மட்டும் போதாது, உறுப்புகளையும் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று 1950-களில் அரசு வற்புறுத்தியது. அதற்கு உடன்படாத அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார் நிறுவனங்களே நிலைத்தன. சென்னையில் வேன்கார்டு, டென், பென்னன்ட் ஆகியவை செய்யப்பட்டன. 1961-இல் ஹெரால்டு வந்தது.

இங்கிலாந்தில் அது 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் தூரின் நகரத்து மிகலோட்டி என்னும் இத்தாலியர். உருவம் இருக்கட்டும், அடியில் இருப்பதைப் பாருங்கள். அக்காலத்துப் புதிய கார்களில் உடலே எலும்புக்கூடாகவும் அமைந்து பாரத்தைத் தாங்கியது. ஹெரால்டிலோ பழைய முறைப்படி கீழே தனி இரும்புச் சட்டமும், அதன்மேல் தகடுகளைத் திருகாணியால் முறுக்கிய உடலும் இருந்தன. இதற்குக் காரணம் பழமைப் பற்றன்று. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்த தொழிற்சாலையை 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. பல சிறு பட்டறைகளில் பகுதி பகுதியாகச் செய்து இணைக்கும் வழி ஒன்றே எஞ்சியது. இங்கிலாந்தில் நெருக்கடியால் பிறந்த இந்த அமைப்பு நமக்கு நன்மையாக முடிந்தது. நசுங்கிய தகட்டைக் கழற்றி வேறு தகட்டை நம்மூர்ப் பட்டறையிலேயே பூட்டலாம் அன்றோ! முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பியதால் 25 அடி விட்டத்திற்குள் வண்டி வளைந்தது. எங்கள் தெருவில் நான் கண்ட விந்தையின் காரணம் இதுவே.

குறையும் உண்டு. ஆறு பேர் ஏறிய ஹெரால்டின் பின்சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாய்ந்தும், அடிப்புறம் வெளியே அகன்றும் நிற்பதைக் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு. பின்புறப் பல்சக்கரப் பெட்டி சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருக்க, அதிலிருந்து இரு கைகளைப்போல் இரண்டு அரைத் தண்டுகள் பக்கங்களுக்குச் சென்று சக்கரங்களைத் தாங்கின. பெட்டி தாழ்ந்தால் சக்கரங்கள் அகலும், உயர்ந்தால் ஒடுங்கும். மேடுபள்ளங்களில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குவதால் பயணம் இதமாக இருந்தது உண்மையே. ஆனால் பாரம் ஏற்றினால் டயர் ஒருபுறமாகத் தேய்ந்தது. விரைந்து வளையும்போது வண்டியின் பின்பகுதி எழும்பிச் சக்கரத்தின் பிடிப்புக் குறைந்தது.

இனி இக்கதையின் விசித்திரமான திருப்பத்திற்கு வருகிறேன். டீலக்ஸ் என்ற சொல் வியாபாரத்தில் பரவியபின், ஸ்டாண்டர்டு என்றால் சாதாரணமானது, மலிவானது என்று இங்கிலாந்து மக்கள் எண்ணத் தலைப்பட்டார்கள். உயர்வைக் குறிக்கச் சூட்டிய பெயர் தாழ்வைக் குறிக்கலாயிற்று. லேலண்டு நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்த அக்கம்பெனி, 1963-இல் தன் கார்களிலிருந்து ஸ்டாண்டர்டு என்ற பெயரையே நீக்கிவிட்டது. டிரயம்ப் என்னும் பெயர் மட்டும் நின்றது. தாயகத்தில் மறைந்த பெயர் வண்டலூரில் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது.

பெயர் மட்டுமா வாழ்ந்தது? 1968-இல் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவுள்ள ஹெரால்டை, மூன்றாம் மார்க் என்று வெளியிட்டது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு என்றுமே இரண்டு கதவுகள்தாம். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஏறி இறங்கும் நம் குடும்பத்திற்கு இரண்டு கதவு போதாது என்று உணர்ந்து செய்த மாற்றம் அது. பாரத்தைத் தாங்குவது சட்டமாதலால் உடலில் கூடுதல் கதவுகளை வெட்டுவது எளிதாயிற்று. 1972-இல் வந்த கெசெல் என்ற காரில் அந்த ஊசலாடும் அரைத் தண்டுகளும் போயின. லாரிகளில் உள்ளதுபோல ஒரே நேரான அச்சு இடம்பெற்றது. இவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல என்பீர்கள். எனினும் இரவல் வாங்கிய பாடத்தை ஒப்புவித்தவர்கள் தாமே ஒரு வாக்கியம் எழுதத் தொடங்கிய இடம் இது என்று, ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் மட்டும் 948 கன சென்டிமீட்டர் அளவிலேயே நின்றது. இங்கிலாந்தில் அதற்குள் இருமுறை பெரிதாக்கிவிட்டார்கள்.

1973-க்குப் பின் பெட்ரோல் விலை உயர்ந்தது. கார் விற்பனை தளர்ந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் கெசெலும் நின்றது. சில ஆண்டுகள் வேன் வகை வண்டிகளை மட்டும் செய்துவந்த அத்தொழிற்சாலை, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரை வெளியிட்டது. அதன் உடல் 1976-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் காரினுடையது, அழகிய உடல். அங்கே அதற்கு எட்டு உருளைகளும் மூன்றரை லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின்கூட உண்டு. இங்கே அதனுள் வைத்தது எதனை? முன்பு சொன்ன அந்த வேன்கார்டு எஞ்சினையே, 1991 கன சென்டிமீட்டர் அளவில்! டிராக்டருக்கு உறவான எஞ்சின், நாற்பதாண்டு மூப்போடு, புது மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அதற்குள் மக்களின் கருத்தையே மாற்றியிருந்தது. எடை குறைவு, எரிபொருள் குறைவு என்று அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கெசெலைச் செய்தவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. 1988-இல் உற்பத்தி நின்றது.

இன்று டிரயம்ப் என்ற கார்ப் பெயர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்திடம் இருக்கிறது. சாலைகளில் நீங்கள் காணும் டிரயம்ப் மோட்டார் சைக்கிள் வேறு நிறுவனத்தினுடையது. அது 1936-லேயே கார்த் தொழிலிலிருந்து பிரிந்துவிட்டது. ரோவர் என்னும் பெயரோ, 2008-இல் டாடா நிறுவனம் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரிடம் உள்ளது. சென்னை ஒருகாலத்தில் இரவல் பெற்ற உடலின் பெயர் இன்று இந்தியருடைய உடைமை.

சென்ற ஆண்டு நாகர்கோவிலில் ஒரு பட்டறை வாசலில் ஹெரால்டு ஒன்றைக் கண்டேன். கதவுகளை எண்ணினேன்: நான்கு. பழுது பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், "ஐயா, இதற்கு உதிரி உறுப்பு இனிக் கிடைக்காது, நாமே கடைந்துதான் போட வேண்டும்" என்றார். முன்பகுதியை அப்படியே சாய்த்துத் திறந்து வைத்து, முன்சக்கரத்தின் டயர்மேல் அமர்ந்தபடி அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.