இரண்டாவது காரும் கழலாத பூட்டும்

1969 ஜனவரி 22. மாஸ்கோவின் வ்னுகோவோ விமான நிலையத்திலிருந்து கிரெம்ளின் வரை சாலையோரம் எங்கும் கூட்டம். சில நாட்களுக்கு முன் பூமிக்குத் திரும்பிய விண்வெளி வீரர்கள் நால்வர் திறந்த காரில் நின்று கையசைத்தபடி முதலில் வந்தார்கள். பின்னால் வந்த இரண்டாவது கார் கிரெம்ளினின் பொரோவிட்ஸ்கி வாயிலை நெருங்கியபோது, போலீஸ் கோட்டும் தொப்பியும் அணிந்து காவலர்களோடு நின்றிருந்த ஓர் இளைஞர் பாய்ந்து வந்தார். இரு கைகளிலும் மக்கரோவ் கைத்துப்பாக்கிகள். காரின் முன்கண்ணாடியைக் குறிவைத்து, சில நொடிகளில் 11 குண்டுகளைச் சுட்டுத் தள்ளினார்.

அவர் பெயர் விக்டர் இல்யின். வயது 21. லெனின்கிராட் அருகே ஒரு படைப்பிரிவில் இளநிலை லெப்டினன்ட். முதல் நாள்தான் முகாமிலிருந்து இரண்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு மாஸ்கோவுக்கு வந்திருந்தார். உறவினர் ஒருவரின் போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டதும் வேலை எளிதாகிவிட்டது. வாயிலில் நின்றவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தார்கள். அவர் குறி, சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லியோனிட் பிரெஷ்னெவ். இரண்டாவது காரில்தான் பிரெஷ்னெவ் வருவார் என்று இல்யின் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அன்று பிரெஷ்னெவின் கார் வரிசையில் இடம் மாறியிருந்தது.

அந்த இரண்டாவது காரில் இருந்தவர்களை வரிசையாகச் சொன்னாலே நெஞ்சு பதறும். விண்வெளியில் முதன்முதலாக நடந்த அலெக்ஸி லியோனவ். விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஸ்கோவா. அவர் கணவரும் வஸ்தோக்-3 வீரருமான ஆந்த்ரியான் நிக்கோலயேவ். மூன்று மாதங்களுக்கு முன் சோயுஸ்-3இல் பறந்துவந்த கியோர்கி பெரெகவோய். உடைந்த கண்ணாடி பெரெகவோயின் முகத்தைக் கிழித்தது. நிக்கோலயேவுக்கு லேசான காயம். குண்டு லியோனவின் கோட்டை உரசிக்கொண்டு போனது. காரை ஓட்டிய இலியா ஷார்கோவ் மட்டும் தப்பவில்லை. படுகாயமடைந்து உயிரிழந்தார். விண்வெளி வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் பெயர்கூட இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இவ்வளவு பெரிய ஊர்வலம் எதற்காக? உலகின் முதல் சோதனை விண்வெளி நிலையத்தைச் சோவியத் ஒன்றியம் அமைத்துவிட்டது என்று அந்த வாரம் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த 'நிலையம்' நாலரை மணி நேரம்தான் இருந்தது. ஜனவரி 14இல் விளாதிமிர் ஷதாலோவ் தனியாக சோயுஸ்-4இல் கிளம்பினார். மறுநாள் போரிஸ் வொலினோவ், அலெக்ஸி யெலிசேயெவ், யெவ்கெனி குருனோவ் மூவரும் சோயுஸ்-5இல் கிளம்பினார்கள். 16ஆம் தேதி இரண்டு கலங்களும் இணைந்தன. மொத்த எடை சுமார் 13 டன். மனிதர்கள் இருந்த இரு கலங்கள் விண்வெளியில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டது அதுவே முதல் முறை.

பூட்டிக்கொண்டனவே தவிர, ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக உள்ளே வழி கிடையாது. ஒரு கலத்தின் முனையில் நீண்ட தண்டு, இன்னொன்றில் அதை வாங்கிக்கொள்ளும் கூம்பு, அவ்வளவுதான் அந்த இணைப்பு. எனவே யெலிசேயெவும் குருனோவும் விண்வெளி உடை அணிந்து, கதவைத் திறந்து வெளியேறி, கம்பிகளைப் பற்றியபடி அடுத்த கலத்துக்குப் போனார்கள். கையில் ஷதாலோவுக்குக் கடிதங்கள், அவர் கிளம்பிய செய்தி அச்சான நாளிதழ்கள். குருனோவின் குழாய்கள் சிக்கிக்கொண்ட பதற்றத்தில், யெலிசேயெவ் படக்கேமராவைப் பொருத்த மறந்துவிட்டார். அதனால் அந்த நடையின் நல்ல திரைப்படப் பதிவு எதுவும் நம்மிடம் இல்லை.

சுரங்க வழி இல்லாமல் வெளியே நடந்து போனது வீம்புக்காக அல்ல. சோவியத்தின் நிலாத் திட்டத்தில் தாய்க்கலத்திலிருந்து இறங்குகலத்துக்கு வீரர் இப்படித்தான் வெளியே வந்து மாற வேண்டியிருந்தது. சுரங்க வழி வைத்தால் எடை கூடும். அந்த எடையை ராக்கெட் தாங்காது. 1967 ஏப்ரலிலேயே இதே யெலிசேயெவும் குருனோவும் இதே நடைக்குத் தயாராக இருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய சோயுஸ்-1இல் கோளாறு மேல் கோளாறு வந்ததால் அவர்களுடைய பயணம் ரத்தானது. சோயுஸ்-1இல் இருந்த விளாதிமிர் கொமரோவ், பாராசூட் விரியாமல் தரையில் மோதி இறந்தார். 1968 டிசம்பரில் அப்போலோ-8 நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. அதற்கு அடுத்த மாதம் சோவியத் அரசுக்கு ஒரு வெற்றி அவசரமாகத் தேவைப்பட்டது.

வெற்றி கிடைத்தது உண்மை. ஜனவரி 17இல் ஷதாலோவும் அவரிடம் வந்து சேர்ந்த இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். வொலினோவ் தனியாக மறுநாள் இறங்க வேண்டும். இங்கிருந்து கதை வேறு.

சோயுஸ் மூன்று பகுதிகளால் ஆனது. முன்னால் உருண்டையான சுற்றுப்பாதை அறை. நடுவில் மணி வடிவத்தில் இறங்கு அறை, வீரர் அமர்வது அதில்தான். பின்னால் எஞ்சினும் சூரியத் தகடுகளும் கொண்ட கருவி அறை. திரும்பும்போது எஞ்சினைச் சிறிது நேரம் எரித்து வேகத்தைக் குறைப்பார்கள். பிறகு வெடிபொருள் வைத்த பூட்டுகள் வெடித்து மூன்றும் பிரியும். இறங்கு அறை மட்டுமே பூமிக்கு வரும், மற்ற இரண்டும் காற்றில் எரிந்துபோகும். இறங்கு அறையின் தடித்த வெப்பக்கவசம் அதன் அடிப்பகுதியில் இருக்கிறது. அதாவது, கருவி அறை ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில்.

கவசம் எதற்கு என்பதைக் கணக்கே சொல்லிவிடும். சுற்றுப்பாதையில் கலத்தின் வேகம் நொடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும் ஒவ்வொரு கிலோ எடையிலும் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 3 கோடி ஜூல். ஒரு கிலோ தண்ணீரை முழுக்க ஆவியாக்கத் தேவையானதைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு. அத்தனையும் காற்றில் சில நிமிடங்களில் வெப்பமாக மாற வேண்டும். கூர்மையான முனை வேண்டாம், மழுங்கிய முனையே நல்லது என்று 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஹார்வி ஆலன் காட்டினார். மழுங்கிய அடிப்பகுதி காற்றை முன்னால் தள்ளி அழுத்தி ஓர் அதிர்வலையை உருவாக்கும். வெப்பத்தின் பெரும்பங்கு அந்தக் காற்றோடு போய்விடும். மிச்சத்தைக் கவசம் தானே கருகி உதிர்ந்து எடுத்துச் செல்லும். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, கலம் அடிப்பக்கம் முன்னால் இருக்கும்படி வர வேண்டும்.

எஞ்சின் எரிந்து முடிந்தது. பூட்டுகள் வெடிக்கும் ஓசையை வொலினோவ் கேட்டார். சன்னல் வழியே பார்த்தால், போயிருக்க வேண்டிய கருவி அறையின் தகடுகள் இன்னும் தெரிந்தன. முன்னால் இருந்த உருண்டை அறை கழன்றுவிட்டது, பின்னால் இருந்த கருவி அறை கழலவில்லை. காற்று தட்டுப்படத் தொடங்கியதும் இந்த ஒட்டுக்கலம் தனக்கு வசதியான நிலைக்குத் திரும்பியது. அந்த நிலையில் கதவு இருக்கும் மெல்லிய முனை முன்னால், கவசம் பின்னால்.

வேகம் குறையும்போது வழக்கமாக வீரரின் உடல் இருக்கையில் அழுந்தும். கலம் தலைகீழாக வந்ததால் வொலினோவ் இருக்கையிலிருந்து பிடுங்கப்பட்டு வார்களில் தொங்கினார். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் அடைப்பு கருகி அறைக்குள் புகை நெடி ஏறியது. விண்வெளி உடை அவருக்குக் கிடையாது, அந்தக் காலத்துச் சோயுஸில் அது இல்லாமல்தான் இறங்கினார்கள். அடைப்பு விட்டுக்கொடுத்தால் கதை முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் அப்போது செய்தவற்றை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கலங்கள் இணைந்தது பற்றிய குறிப்புகள் இருந்த பக்கங்களைப் பதிவேட்டிலிருந்து கிழித்துப் பத்திரப்படுத்தினார். நடப்பதையெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே வந்தார். தான் பிழைக்காவிட்டாலும், என்ன தவறு நேர்ந்தது என்பது அடுத்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார்.

அவரைக் காப்பாற்றியதும் அந்த வெப்பமேதான். இரு அறைகளையும் பிணைத்திருந்த தாங்கிகள் முறிந்து கருவி அறை பிய்த்துக்கொண்டு போனது. தனியாக விடப்பட்ட இறங்கு அறை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல் தானாகவே நேரானது. அதன் எடை மையத்தை அடிப்பக்கமாக வைத்தே வடிவமைத்திருந்தார்கள். யாரும் திருப்பாமலே கவசம் முன்னால் வந்தது. பிறகு பாராசூட்டின் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. தரையைத் தொடும் நொடியில் வேகம் தணிக்க வேண்டிய ராக்கெட்டுகளும் சரிவர வேலை செய்யவில்லை. மோதிய மோதலில் வொலினோவின் பற்கள் உடைந்தன. குறித்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஓரன்பர்க் பகுதியின் பனிவெளியில் இறங்கியிருந்தார். வெளியே மைனஸ் 38 டிகிரி குளிர்.

நான்கே நாளில் அவர் மாஸ்கோவில் திறந்த காரில் நின்று கையசைத்தார். அவருக்குப் பின்னால் வந்த காரின் மீதுதான் இல்யின் சுட்டார்.

அந்த வாரத்தில் நேர்ந்த இரண்டு ஆபத்துகளையும் அரசு நடத்திய விதம் ஒன்றல்ல. துப்பாக்கிச் சூட்டை மறைக்க வழியில்லை. வரவேற்பு நேரடியாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது, ஒளிபரப்பு திடீரென்று நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். ஓரிரு நாளில் சில வரி அறிக்கை வந்தது. விண்வெளி வீரர்களின் கார்மீது யாரோ சுட்டதாகச் சொன்ன அந்த அறிக்கை பிரெஷ்னெவைக் குறிவைத்தது பற்றி வாய் திறக்கவில்லை. பின்னால் சதிக் கும்பல் இருக்கிறதா என்று கேஜிபி துருவியது. அதன் தலைவர் யூரி அந்த்ரோபோவே இல்யினிடம் விசாரித்தார். கும்பல் எதுவும் அகப்படவில்லை. மனநோயாளி என்று முத்திரை குத்தி, கசான் நகரச் சிறப்பு மருத்துவமனையில் இல்யினைத் தனியறையில் அடைத்தார்கள். அவர் வெளியே வந்தது 1990இல். ஓர் ஓட்டுநரைக் கொன்ற குற்றத்துக்கு வெளிப்படையான நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்படவே இல்லை. ஷார்கோவின் குடும்பத்துக்கு அது இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன்.

வொலினோவின் இறக்கத்தையோ யாரும் பார்க்கவில்லை. எனவே சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை. சோயுஸ்-5 வெற்றிகரமாகத் தரையிறங்கியது, அவ்வளவே செய்தி. அவர் அனுபவித்தது என்ன என்பது உலகுக்குத் தெரியவந்தது சோவியத் ஆட்சி முடிந்த பிறகுதான்.

இப்படி மறைத்தது அது முதல் முறையும் அல்ல. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் திரும்பியபோதும் கருவி அறை முழுதாகப் பிரியவில்லை. ஒரு கம்பிக் கற்றை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கற்றை எரிந்து அறும்வரை சுமார் 10 நிமிடம் கலம் சுழன்று சுழன்று விழுந்தது. ககாரினின் கலம் முழு உருண்டை, சுற்றிலும் கவசம். எந்தப் பக்கம் முன்னால் வந்தாலும் தாங்கும். அதே கோளாறு சோயுஸில் வந்தால் கலத்தின் வடிவமே பகையாகிவிடும்.

1971 ஜூன் 30இல் சோயுஸ்-11 திரும்பியது. உண்மையான முதல் விண்வெளி நிலையமான சல்யூத்-1இல் வாரக்கணக்கில் தங்கிவிட்டு தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் மூவரும் அதில் வந்தார்கள். இம்முறை பூட்டுகள் கழன்றன. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டியவை ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த அதிர்ச்சியில், தரைக்கு அருகில் திறக்க வேண்டிய காற்றுச் சமன் வால்வு 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. அறைக் காற்று வெளியேறியது. மூவரிடமும் விண்வெளி உடை இல்லை. கலம் மெதுவாக, அழகாக வந்து தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் கண்டது மூன்று உடல்களை. 1969இலேயே ரப்பர் நெடிக்கு நடுவே ஒருவர் உடையின்றித் தொங்கிய கதை பலரறிய விவாதிக்கப்பட்டிருந்தால் உடை இரண்டாண்டு முன்பே வந்திருக்குமா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. சோயுஸ் வீரர்களுக்கு இறங்கும்போது உடை கட்டாயமானது அந்த மூவரும் இறந்த பிறகுதான்.

பிரியாத கருவி அறை மறுபடியும் வந்தது. 2007 அக்டோபரில் சோயுஸ் டிஎம்ஏ-10. 2008 ஏப்ரல் 19இல் சோயுஸ் டிஎம்ஏ-11. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து யூரி மலென்சென்கோ, பெக்கி விட்சன், தென்கொரியாவின் யி சோ-யோன் மூவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வெடிபூட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. கலம் மெல்லிய முனை முன்னாகக் காற்றில் நுழைந்தது. பின் அறை பிய்ந்ததும் நேரானது. உடல் எடையைப் போல் 8 மடங்குக்கு மேல் அழுத்தத்தைத் தாங்கி, குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே அவர்கள் இறங்கினார்கள்.

இம்முறை நடந்தது உலகமே அறிய விவாதிக்கப்பட்டது. அதே வகைப் பூட்டுகளோடு சோயுஸ் டிஎம்ஏ-12 அப்போது நிலையத்தில் நின்றிருந்தது. 2008 ஜூலை 10 அன்று செர்கேய் வோல்கோவும் ஒலெக் கோனனென்கோவும் வெளியே போய், அந்தக் கலத்தின் வெப்பப் போர்வையை அறுத்து, ஒரு வெடிபூட்டைக் கழற்றினார்கள். அதில் இருந்தது கையைப் பிய்த்துவிடக்கூடிய அளவு வெடிமருந்து. வெடித்தாலும் தாங்கும் ஒரு கலனில் அதை இட்டு நிலையத்துக்குள் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் அதே டிஎம்ஏ-12 மூன்று பேரோடு கிளம்பியது. கருவி அறை உரிய நேரத்தில் கழன்றது.