மார்ஜின் வட்டி: ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் கணக்கு



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஷேர் மார்க்கெட் எதுக்குலே?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பதினெட்டு வயது முடிந்து, பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும், நம் பெயரிலேயே டீமேட் கணக்கு திறந்துவிடலாம். நம்மில் பல பேர் போனில் அந்த ஆப் ஏற்கெனவே இருக்கிறது. கையில் 40,000 ரூபாய் இருந்தால், "நீங்கள் 1,00,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கலாம்" என்று அது ஆசை காட்டும். மீதி 60,000 யார் பணம்? தரகு நிறுவனத்தின் பணம். சும்மா தருவார்களா? வட்டி உண்டு. அந்த வட்டியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கணக்கைவிட இது சுலபம், பயப்பட வேண்டாம்.

நகைக் கடன் தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கடன் வாங்கி ஒரு சங்கிலி வாங்குகிறோம். அந்தச் சங்கிலியையே கடன் கொடுத்தவரிடம் அடகு வைக்கிறோம். சங்கிலிக்குப் பதில் ஷேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நாம் போடும் கைப்பணத்துக்குத்தான் 'மார்ஜின்' என்று பெயர். வாங்கிய ஷேர் நம் டீமேட் கணக்கில்தான் இருக்கும், ஆனால் தரகர் பெயருக்கு அடகாக இருக்கும்.

இது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. பம்பாய்ப் பங்குச் சந்தையில் 'பதலா' என்று ஒன்று நடந்தது. ஷேர் வாங்கியவர் பணம் கட்ட முடியாவிட்டால், வேறொருவர் பணம் போட்டுக் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளுவார். அதற்கான வட்டியைச் சனிக்கிழமைகளில் சந்தையிலேயே பேசி முடிவு செய்வார்கள். 1993-ல் செபி இதைத் தடை செய்தது. கொஞ்ச காலத்தில் வேறு வடிவில் திரும்பி வந்தது. 2001 ஜூலையில் முழுவதுமாக முடிந்தது. பிறகு 2004-ல் தரகர்கள் ஷேர் வாங்கக் கடன் கொடுப்பதற்கு செபி தனி விதி வகுத்தது, 2017-ல் அதைத் திருத்தியது. இன்று ஆப்பில் 'எம்.டி.எஃப்.' என்று காட்டுவது இதைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதல் சிக்கல் பாஷையில் இருக்கிறது. நம்ம ஊரில் வட்டி என்றால் மாதக் கணக்கு. "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் மாதம் 2 ரூபாய் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வங்கி வருடக் கணக்கில் பேசும். தரகு நிறுவனமோ நாள் கணக்கில் பேசும்: "நாளுக்கு வெறும் 0.05 சதவிகிதம்". 0.05-ஐப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 365-ஆல் பெருக்குங்கள்: வருடத்துக்கு 18.25 சதவிகிதம். 12-ஆல் வகுத்தால் நம்ம பாஷையில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி! "ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கி ஷேர் வாங்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் அம்மா என்ன சொல்லுவாள் என்று எழுத வேண்டியதில்லை. "0.05" என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, எந்தத் தொகைக்கு வட்டி? ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு கடன் பாக்கி நிற்கிறதோ அந்தத் தொகைக்கு. மாத ஆரம்பத் தொகைக்கும் அல்ல, கடைசித் தொகைக்கும் அல்ல. ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம், வட்டி வருடத்துக்கு 18 சதவிகிதம்.

முதல் 10 நாள் பாக்கி 60,000. பெருக்கினால் 6,00,000.
11-ஆம் நாள் 20,000 கட்டுகிறோம். பாக்கி 40,000, 12 நாள். பெருக்கினால் 4,80,000.
பிறகு கொஞ்சம் ஷேர் விற்று 25,000 கழிகிறது. பாக்கி 15,000, 8 நாள். பெருக்கினால் 1,20,000.

மூன்றையும் கூட்டினால் 12,00,000. இதை 18-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுங்கள். வட்டி 591 ரூபாய் 78 காசு. 36,500 எங்கிருந்து வந்தது? சதவிகிதத்துக்கு 100, வருடத்துக்கு 365 நாள், இரண்டையும் பெருக்கியதுதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு வங்கிக் குமாஸ்தாக்கள் பேரேட்டில் கையால் போட்டதும் இதே கணக்குதான்.

ஆரம்பத் தொகையான 60,000-க்கே மாதம் முழுவதும் போட்டிருந்தால் 887.67. கடைசித் தொகையான 15,000-க்குப் போட்டிருந்தால் 221.92. ஒரே கடன், ஒரே வட்டி வீதம், மூன்று விடை. அதனால்தான் 'எவ்வளவு வட்டி' என்பதோடு 'எந்தப் பாக்கிக்கு' என்றும் கேட்க வேண்டும்.

இதைக் கேட்காததால் வருகிற நஷ்டத்தைப் பார்க்கக் கோட்டாறு மார்க்கெட்டுக்கு வந்தால் போதும். எங்கப்பா அங்கே சுமடு எடுக்கிறவர், அதனால் எனக்குப் பழகின இடம். காய்கறி விற்கிற அக்காமாருக்குத் தண்டல்காரர் 10,000 என்று சொல்லி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 100 நாளைக்கு 15 சதவிகிதம், அதாவது மாதம் நாலரை வட்டி என்றுதான் தோன்றும். ஆனால் பாக்கி தினமும் குறைந்துகொண்டே வருகிறதே! அந்த 100 நாளில் அக்கா கையில் சராசரியாக நின்றது 8,500-ல் ஏறக்குறையப் பாதிதான். தினப் பாக்கிப்படி போட்டால் நாளுக்கு 0.33 சதவிகிதம் வருகிறது, நூற்றுக்குப் பத்து வட்டி! 2003-ல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மார்ஜின் கடனில் இந்தத் தில்லுமுல்லு இல்லை, கட்டக் கட்ட வட்டி குறையும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கென்று வேறு குணம் இருக்கிறது. சந்தை திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறு, தீபாவளி என்று அதற்கு லீவு உண்டு. வட்டிக்கு லீவே கிடையாது! வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிற்கிற பாக்கிக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வட்டி. லாபம் சம்பாதிக்க ஷேருக்கு வருடத்தில் 250 நாள் மாதிரிதான் கிடைக்கும், வட்டி 365 நாளும் வேலை செய்யும். அதோடு, 2023 ஜனவரி 27 முதல் எல்லா ஷேருக்கும் வாங்கிய மறு வேலை நாளிலேயே பணம் கைமாறி முடிகிறது. வட்டி ஓடத் தொடங்குவதும் பொதுவாக அந்த மறுநாளிலிருந்துதான். காலையில் வாங்கி சாயங்காலமே விற்றால் இந்த வட்டி கிடையாது. விற்கும்போது எந்த நாள் வரை வட்டி என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத்தான் யாரும் வாசிப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எந்தத் தாள் வந்தாலும் "மக்கா, இத வாசிச்சுச் சொல்லு" என்று என்னிடம்தான் வரும். போன வருடம் என் பெரியம்மா மகன் ஒரு கணக்குத் தாளை நீட்டினான். துணிக்கடையில் வேலை பார்க்கிற அண்ணன். 40,000 கைப்பணம் போட்டு 1,00,000-க்கு ஷேர் வாங்கியிருந்தான். விலை இறங்கியது, ஏறியது, நாலு மாதம் கழித்து வாங்கின அதே விலைக்கு வந்ததும் விற்றுவிட்டான். "வெலைதான் மாறலியே, எம் பணம் எங்கடே போச்சு?" என்று கேட்டான். 40,000-ல் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் காணவில்லை.

எங்கும் போகவில்லை. 60,000-க்கு 18 சதவிகிதம், 120 நாளைக்கு 3,550 ரூபாய் 68 காசு. அதற்கும் மேலே கொஞ்சம் போனதற்குக் காரணம் வட்டிக்கு வட்டி. மாதக் கடைசியில் வட்டியைத் தனியாகக் கேட்பதில்லை, கணக்கிலேயே பற்று வைத்துவிடுவார்கள். கணக்கில் வேறு பணம் இல்லையென்றால் அதுவும் கடனோடு சேரும். அடுத்த மாதம் 60,000-க்கு அல்ல, 60,887.67-க்கு வட்டி. இப்படி வருடம் முழுக்க மாதம் ஒன்றரை ஏறினால் 18 என்பது 19.56 ஆகிவிடும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அண்ணனுக்கு அது புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அவன் முகம் தெளியவில்லை.

விலை இறங்கினால் என்ன ஆகும்? 1,00,000 ஷேர் 20 சதவிகிதம் இறங்கி 80,000 ஆகிறது. கடன் இறங்குமா? இறங்காது, 60,000 அப்படியே நிற்கும். மிச்சம் 20,000. அதாவது ஷேர் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் நம் கைப்பணம் பாதி போச்சு. 40 சதவிகிதம் இறங்கினால் கைப்பணம் முழுக்கப் பூஜ்யம், வட்டி அதற்கு மேலே. அவ்வளவு தூரம் போகும்வரை தரகர் காத்திருக்க மாட்டார். "இன்னும் பணம் போடு" என்று தகவல் வரும். கெடுவுக்குள் போடாவிட்டால் அவரே விற்றுத் தன் கடனை எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் நகைக் கடனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். நகை ஏலத்துக்குப் போக நோட்டீஸ் வரும், பேப்பரில் விளம்பரம் வரும், மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும், அதற்குள் யாரிடமாவது புரட்டி மீட்டுவிடலாம். ஷேர் அடகுக்கு அந்த அவகாசம் கிடையாது, காலையில் தகவல் வந்து சாயங்காலத்துக்குள் கதை முடிந்துவிடும்.

1929-ல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது நடந்ததும் இதுதான். பத்து சதவிகிதம் கைப்பணத்தில் ஷேர் வாங்கியவர்கள் ஏராளம். கட்டாய விற்பனையால் விலை இறங்க, அந்த இறக்கத்தால் இன்னும் கட்டாய விற்பனை! 1934-ல் சட்டம் போட்டு, மார்ஜின் அளவை முடிவு செய்யும் அதிகாரத்தை அவர்கள் மத்திய வங்கிக்குக் கொடுத்தார்கள். 1974 முதல் அங்கே பாதிப் பணம் கையிலிருந்து போட வேண்டும்.

சரி, நம் பணம் தரகரிடம் சும்மா கிடந்தால் நமக்கு வட்டி தருவாரா? நம் நாட்டில் பொதுவாகக் கிடையாது. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ பயன்படாத பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது செபி விதி, அவ்வளவுதான். வங்கிகளும் ஒரு காலத்தில் லேசுப்பட்டவை அல்ல. சேமிப்புக் கணக்கில் 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி தருவார்கள். 11-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டியே இல்லை. கடனுக்கு மட்டும் நாள் கணக்கு! ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, 2010 ஏப்ரல் 1 முதல்தான் நம் சேமிப்புக்கும் தினப் பாக்கிப்படி வட்டி வந்தது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அமெரிக்கத் தரகர்கள் பலர் வருடத்தை 365-ஆல் வகுப்பதில்லை, 360-ஆல் வகுக்கிறார்கள். 60,000-க்கு 18 சதவிகிதம் என்றால் 365-ல் நாளுக்கு 29 ரூபாய் 59 காசு, 360-ல் சரியாக 30 ரூபாய். 41 காசுதானே என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு அது 150 ரூபாய்.