சுவீடிய ‘நீ’யும் தமிழ் ‘நீ’யும்

நெளுக்குளத்தில் இருந்துகொண்டு சுவீடிய மொழியைக் கற்பதனால் யாது பயன் என்று நம்மை வினவியோர் பலர். வவுனியா–மன்னார் வீதியோரத்து இவ்வூரில் அம்மொழி பேசுவார் எவரையும் நாம் அறியோம். எனவே அவ்வினா நியாயமானதே. அம்மொழியின்பால் நாம் கொண்ட ஈடுபாடு முதலிற் கதைநூல்களால் விளைந்தது. ஆயின், சில காலம் பயின்றபின் அம்மொழியின் சிறு சொல்லொன்று நம் ஊர்ப் பேச்சையே நாம் புதிதாகக் கேட்குமாறு செய்தது. அச்சொல்லின் வரலாற்றை விளக்குவதும், அது நமக்கு உணர்த்துவது யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் வாசகருக்குச் சுவீடிய இலக்கியம் முற்றிலும் புதியதன்று. 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியான செல்மா லாகர்லெவின் முதல் நாவலை ‘மதகுரு’ என்றும், 1951இல் அப்பரிசைப் பெற்ற பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ என்னும் நாவலை ‘அன்புவழி’ என்றும் க. நா. சுப்ரமண்யம் தமிழாக்கினார். நம் தலைமுறையினர் பலர் சுவீடனை அறிந்தது இந்நூல்கள் வாயிலாகவே. எனினும் அவை ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடைந்தன. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இன்று ஒரே சொல்தான் உண்டு. அரசனும் அடிமையும் அதில் ஒரே சொல்லால் விளிக்கப்படுவர். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குவோர் எவ்விடத்தில் ‘நீ’, எவ்விடத்தில் ‘நீர்’, எவ்விடத்தில் ‘நீங்கள்’ என்பதைத் தாமே ஊகிக்க வேண்டியவராகின்றனர். சுவீடிய மூலத்திலோ இவ்வேறுபாடு வெளிப்படையாகவே இருந்தது.

ஓகஸ்ட் ஸ்ரின்ட்பேர்க் 1888இல் எழுதிய ‘மிஸ் ஜூலி’ நாடகம் இதற்குத் தக்க சான்றாகும். பிரபுவின் மகள் ஜூலியும் ஏவலாளன் ஜோனும் கோடைவிழா இரவொன்றில் உறவு கொள்கின்றனர். அதன்பின் அவள் தன்னை நெருக்கமான ஒருமைச் சொல்லால் விளிக்குமாறு அவனை வேண்டுகிறாள். பிரபுவின் வீட்டினுள் இருக்கும்வரை தன்னால் அது இயலாது என்கிறான் அவன். இருவரையும் பிரித்து நிற்கும் வர்க்கச் சுவர் முழுவதும் அந்த ஒரு முன்னிலைச் சொல்லில் அடங்கியுள்ளது. ஆங்கில ஆக்கங்களில் இவ்வேண்டுகோள் பெயர் சொல்லி அழைக்குமாறு கேட்பதாக மாற்றப்படுவதுண்டு. தமிழிலோ ‘என்னை நீ என்று சொல்’ என நேராகவே எழுதிவிடலாம். இவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழே அம்மூலத்துக்கு அணித்தாக நிற்கின்றது எனலாம்.

சுவீடிய மொழியில் முன்னிலைச் சொற்கள் இரண்டு. ஒருமைக்கு ‘டூ’; பன்மைக்கும் மரியாதைக்கும் ‘நி’. பின்னது ஒலியில் நம் ‘நீ’யையே ஒத்தது, பொருளிலோ ‘நீங்கள்’ என்பதற்கு நிகரானது. இவ்வொற்றுமை தற்செயலானதே. இதனைக்கொண்டு இன உறவு தேடுவது ஆராய்ச்சியாகாது. நம் கருத்தைக் கவர்ந்தது ‘நி’ அடைந்த வீழ்ச்சியே. பட்டமும் பதவியும் உடையோரை அச்சொல்லால் விளிப்பதும் குறைவாகக் கருதப்பட்டது. ‘டொக்டர் கோப்பி குடிப்பாரா?’ என்று டொக்டரிடமே படர்க்கையிற் கேட்பதே முறையாயிற்று. ‘மாஸ்ரர் தேத்தண்ணி குடிப்பாரோ?’ என்று அவர் முகத்துக்கு நேரே கேட்கும் நமக்கு இது விளங்காததன்று. எனவே பட்டம் எதுவும் இல்லாத எளியோரை விளிக்கவே ‘நி’ பெரிதும் எஞ்சியது. மரியாதைச் சொல் இழிவுச் சொல்லாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை எல்லார்க்கும் பொதுவாக்க எடுக்கப்பட்ட முயற்சிகளும் வெற்றி பெறவில்லை.

முடிவில் ‘டூ’ என்பதே பொதுச் சொல்லாயிற்று. 1967இல் சுவீடிய மருத்துவத் துறைத் தலைமையை ஏற்ற புரோர் ரெக்செட், தம் ஊழியர் அனைவரையும் ‘டூ’ என்றே விளிக்கப்போவதாக அறிவித்தமை இம்மாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் அவர் ஒருவரால் இது நிகழ்ந்ததெனக் கொள்வது பொருந்தாது. பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 1921ஆம் ஆண்டுத் தேர்தலும், தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியும், 1932 முதல் 1976 வரை ஏறத்தாழத் தொடர்ச்சியாக நிலவிய சமூக சனநாயகக் கட்சி ஆட்சியும் அதற்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்தியிருந்தன. வாழ்க்கை உறவுகள் மாறத் தொடங்கியபின் சொல்லும் மாறியது.

இனி நம் நிலையை நோக்குவோம். ஒருவரைப் பன்மையாற் கூறுவதைத் தொல்காப்பியம் ‘உயர்சொற்கிளவி’ என்கிறது. அது உலக வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண முறையால் வந்ததன்று என்பது அந்நூலின் துணிபு. வழக்கினால் வந்ததாயின் வழக்கினால் மாறவும் கூடும். வன்னியில் மகன் வயதுடைய உத்தியோகத்தரை ‘ஐயா, நீங்கள்’ என விளிக்கும் அதே வாய், தந்தை வயதுடைய கூலியாளை ‘நீ’ என விளிப்பதைக் கேட்கிறோம். 1977இன் வன்செயலுக்குப்பின் மலையகத்திலிருந்து வந்து இம்மாவட்டத்திற் குடியேறிய மக்கள் இச்சொல்லின் சுமையை நன்கறிவர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரும் அறிவர். இங்கு ‘நீ’ என்பது தாய்க்கும் கடவுளுக்கும் உரிய அன்புச் சொல்லாகவும், ஒடுக்குமுறையின் சொல்லாகவும் ஒருங்கே நிற்கின்றது.

ஆகவே சுவீடரைப் பின்பற்றி எல்லாரையும் ‘நீ’ என விளிப்போம் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. அங்கு எளியோர்மீது சுமத்தப்பட்ட சொல் ‘நி’. அதனால் அதனைக் கைவிட்டு ஒருமையிற் சமத்துவம் கண்டனர். இங்கு எளியோர்மீது சுமத்தப்பட்ட சொல் ‘நீ’. ஆதலின் நாம் ‘நீங்கள்’ என்பதிலேயே சமத்துவம் காணல் வேண்டும். கோட்பாடு ஒன்றே, திசைதான் வேறு. சொல்லை மாற்றினால் நிலமும் கூலியும் தாமே மாறிவிடா என்பதை நாம் மறுக்கவில்லை. சுவீடனின் வரலாறும் அதனையே காட்டுகின்றது. எனினும் அவை மாறும்வரை சொல் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் நியாயமில்லை.

உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பீற்றர் ஷால்க், பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளையோடு இணைந்து தமிழரிடையே நிலவிய பௌத்தம் பற்றிய பெருநூலை 2002இல் வெளியிட்டார். அந்நாட்டில் நம் மொழியைக் கற்று ஆராய்ந்தோர் உளர். அவர்தம் மொழியை நேரே கற்று, ‘மிஸ் ஜூலி’யை மூலத்திலிருந்து தமிழாக்க நம் மாணவருள் ஒருவரேனும் முன்வருதல் வேண்டும். அவருக்கு வேண்டிய முன்னிலைச் சொற்கள் அனைத்தும் அவர் வீட்டுப் பேச்சிலேயே உள்ளன. அவற்றுள் எதனை யாருக்குச் சொல்லி வந்திருக்கிறோம் என்ற வினாவும் அப்போது அவர்முன் எழும்.