தேடுபொறியும் மார்த்தாண்டம் தேனும்

சென்னையில் ஒருவர் கைப்பேசியில் ‘மார்த்தாண்டம் தேன்’ என்று தட்டுகிறார். கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. பெரிய இணைய அங்காடிகள், செய்திக் கட்டுரைகள், காணொளிகள் என்று அது நீள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் தலைமுறையாகத் தேனீ வளர்க்கும் ஒரு குடும்பம் போன மாதம்தான் தன் தேனை விற்கத் தளம் ஒன்று தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளம் பட்டியலில் எங்கும் இல்லை. தேன் நல்ல தேன், தளமும் அழகான தளம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தேடுபொறிக்கு இன்னும் தெரியாது.

தெரியவைக்கும் வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பெயர். தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் விளம்பரம் வேறு, இது வேறு. விளம்பரம் அல்லாத சாதாரண முடிவுகளில் நம் பக்கம் உரிய இடத்துக்கு வர வழிசெய்வது இது. கணினி வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சிறுதொழிலுக்கு வேண்டிய அளவில் இதன் பெரும்பகுதியைத் தொழில் செய்பவரே செய்துகொள்ளலாம். அதில் பணம் மிச்சமாகும் என்பது சிறிய காரணம்தான். தேடுபொறி தேடிக்கொண்டிருக்கும் விவரம் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது என்பது பெரிய காரணம்.

பொறி எப்படித் தேடுகிறது?

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஊர்தல். ஊர்நிரல் எனப்படும் மென்பொருள் ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகிறது. இரண்டாவது, அட்டவணைப்படுத்தல். நூலின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லடைவு இருக்குமே, அதைப் போன்ற ஒன்றைப் படித்த பக்கங்களுக்கெல்லாம் பொறி தயாரித்து வைக்கிறது. நாம் தேடும்போது அது இணையத்தில் அலைவதில்லை, இந்தச் சொல்லடைவைத்தான் புரட்டுகிறது. அதனால்தான் விடை அவ்வளவு விரைவாக வருகிறது. மூன்றாவது, வரிசைப்படுத்தல். பொருந்தும் பக்கங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் எதை முதலில் காட்டுவது?

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த புதுமையான விடையிலிருந்துதான் கூகுள் பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும். அதே கணக்கை அவர்கள் இணையத்துக்குப் பொருத்தினார்கள். பிற பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டும் பக்கம் மதிப்புள்ளது. மதிப்புள்ள பக்கம் கொடுக்கும் இணைப்புக்கு மதிப்பு இன்னும் அதிகம். இன்று இணைப்போடு, தேடியவர் என்ன கருதித் தேடினார், எங்கிருந்து தேடினார், பக்கம் எவ்வளவு பயனுள்ளது என்று எத்தனையோ குறிப்புகளைப் பொறி சேர்த்துப் பார்க்கிறது.

ஆகவே புதுத் தளம் வைத்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. பொறியால் என் பக்கத்துக்கு வர முடிகிறதா? வந்தால் படிக்க முடிகிறதா? படித்தபின் அதைத் தேடுபவருக்குக் காட்ட அதற்குக் காரணம் இருக்கிறதா?

வருவதற்கு வழி

கூகுளில் ‘சர்ச் கன்சோல்’ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. அதில் தளத்தைச் சேர்த்து, உரிமையாளர் நாமே என்று உறுதிப்படுத்தி, தளவரைபடக் கோப்பின் முகவரியைக் கொடுக்க வேண்டும். தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று பொறிக்குச் சொல்லும் கோப்பு அது. பெரும்பாலான தள மென்பொருள்கள் அதைத் தாமே உருவாக்கிவிடும். எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறியது, ஏறாததற்கு என்ன காரணம் என்று கன்சோலே பிறகு சொல்லும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு விஷயம் உண்டு. வேர்ட்பிரஸ் அமைப்பில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தளம் கட்டும் காலத்தில் அதில் குறியிடுவார்கள். வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டால், பிறகு என்ன எழுதினாலும் தளம் தேடலில் வராது. புதுத் தளம் தேடலில் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்.

படிக்கும்படி இருக்கிறதா?

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. விலைப்பட்டியல், முகவரி, பொருள் விவரம் எல்லாவற்றையும் வண்ணமயமான ஒரே படமாக அச்சகத்தில் செய்து வாங்கி அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மனிதர் படித்துவிடுவார். பொறியோ முதன்மையாக எழுத்தைத்தான் படிக்கிறது. படத்துக்குள் புதைந்த எழுத்தை அது பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. விலையும் முகவரியும் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ‘ரப்பர்த் தோட்டத்தில் வைக்கப்பட்ட தேனீப் பெட்டிகள்’ என்பதுபோல ஒரு வரி மாற்று உரை கொடுங்கள். கண் பார்வையற்றவர்களுக்குத் திரைபடிப்பான் வாசித்துக்காட்டுவதும் அந்த வரியைத்தான்.

இரண்டாவது சிக்கல் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ், உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவம். அதைத் தளத்தில் ஒட்டினால் பொறிக்குக் கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் எழுதிய தமிழைத்தான் தேட முடியும். பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, வேகம். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் ஒரு படமே பல மெகாபைட் இருக்கும். பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். தேடலில் பெரும்பங்கு கைப்பேசியில்தான் நடக்கிறது என்பதால், தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் கூகுளும் முதலில் பார்க்கிறது. படங்களைச் சுருக்கி ஏற்றுவது ஒரு பிற்பகல் வேலை. செலவு எதுவும் இல்லை.

வாங்குபவர் என்ன சொல்லித் தேடுகிறார்?

குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் மரச்சீனி என்றால் எல்லோருக்கும் தெரியும். சேலத்துக்காரர் மரவள்ளிக்கிழங்கு என்று தேடுவார். இங்கே அக்கானி, மற்ற ஊர்களில் பதநீர். விற்பவர் தன் ஊர்ச்சொல்லை விட வேண்டியதில்லை. வாங்குபவரின் சொல்லும் அதே பக்கத்தில் இயல்பாக வர வேண்டும், அவ்வளவுதான். கூகுள் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டும்போது கீழே விரியும் பரிந்துரைகள், மக்கள் தேடிய தேடல்களையொட்டி வருபவை. அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ தளத்தில் இரண்டு சொற்களை ஒப்பிட்டு எது அதிகம் தேடப்படுகிறது என்றும் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். கன்னியாகுமரி என்பது மாவட்டத்துக்கும் பெயர், முனையிலுள்ள ஊருக்கும் பெயர். அந்தப் பெயரைத் தட்டுபவர் பெரும்பாலும் விவேகானந்தர் பாறையையும் விடுதி அறையையும்தான் தேடுகிறார். மார்த்தாண்டமோ அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே கடையின் ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதுங்கள்.

திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருப்பதால் மலையாளத்தில் தேடும் வாடிக்கையாளரும் உண்டு. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத முடிந்தால் நல்லது. ஆனால் மூன்றையும் ஒரே பக்கத்தில் கலக்காமல் மொழிக்கொரு பக்கம் வையுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தாமல் போடாதீர்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே பொருள், ஒரே தெளிவான தலைப்பு. ‘முகப்பு’ என்றோ ‘நல்வரவு’ என்றோ தலைப்பிட்டால் பொறிக்கும் பயனில்லை, தேடுபவருக்கும் பயனில்லை. ‘மார்த்தாண்டம் ரப்பர்த் தேன்: விலையும் அனுப்பும் முறையும்’ என்றால் இருவருக்கும் விளங்கும்.

உங்களிடம் மட்டுமே இருக்கும் சரக்கு

இதுவரை சொன்னவை பொறியைப் பக்கம் வரை கொண்டுவரும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வரிசையைப் பெரிதும் தீர்மானிக்கும். இங்கேதான் தொழில் செய்பவருக்கு இணையான ஆள் கிடையாது.

தேனையே எடுத்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். தேனீ தேனாக்கும் அந்த இனிப்புச் சாறு பூவிலிருந்து வருவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் அது ஊறுகிறது. அந்தப் பருவத்தை எதிர்பார்த்துத் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ எனப்படும் அடுக்குத் தேனீ. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் இந்தத் தேனீக் கூட்டங்களை அழித்தது. வளர்ப்பவர்கள் அதன்பின் மறுபடியும் முதலிலிருந்து கட்டியெழுப்பினார்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குரிய செய்தி. ‘தேன் உறைந்தால் கலப்படமா?’ என்பது தேன் விற்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதால் சுத்தமான தேனும் உறையும், மிதமான வெந்நீரில் குப்பியை வைத்தால் மீண்டும் இளகும் என்று நான்கு பத்திகளில் எழுதி, உங்கள் தேன் உறைந்த படத்தையும் போட்டால், அந்தக் கேள்வியைத் தேடும் ஒவ்வொருவருக்கும் அது உதவும். எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தேனைப் பற்றிப் பொதுவாக நூறு வரி எழுதும். இந்த ஆண்டு உங்கள் பெட்டிகள் எந்தத் தோட்டத்தில் நின்றன, எப்போது தேன் எடுத்தீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. நேரடி அனுபவத்திலிருந்து வந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு என்று கூகுளும் தன் வழிகாட்டியில் சொல்கிறது.

தானே செய்துகொள்ளும் இந்த வழியில் மார்த்தாண்டத்துக்கு ஒரு மரபும் இருக்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே நடத்திய கிராமப் புனரமைப்பு மையம், தேனீ வளர்ப்பு போன்ற கைத்தொழில்களை ஊராருக்குக் கற்றுத்தந்தது. மக்கள் தம் முயற்சியாலேயே எழ வேண்டும், தேவையான இடத்தில் அறிந்தவர் துணை நிற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இணையத்தில் கடை திறப்பவருக்கும் அதுவே சரியான வழி.

எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் புவிசார் குறியீட்டைக் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023இல் பெற்றது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வெளியூர்ச் சரக்குக்கு இந்தப் பெயர்களைப் போடுவது சட்டப்படி தவறு. உண்மையான சரக்கு வைத்திருப்பவர் அதன் வரலாற்றை விரிவாக எழுதலாம். உணவுப்பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையும் பக்கத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாதவர் பணம் அனுப்பும் முன் பார்ப்பது இவற்றைத்தான்.

கடையும் வரைபடமும்

நேரில் வரும் வாடிக்கையாளர் உள்ள தொழிலுக்கு, கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ தளத்தைவிட விரைவாகப் பலன் தரும். இதுவும் இலவசம். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது தேடலோடு பொருத்தம், தூரம், பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. கடைப்பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருக்கட்டும். வேலை நேரத்தைத் திருவிழா நாட்களிலும் சரியாக வையுங்கள். வாங்கியவர்களிடம் மதிப்புரை கேளுங்கள், குறை சொன்னவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். காசு கொடுத்து மதிப்புரை வாங்காதீர்கள்.

இணைப்புகளுக்கும் இதே நேர்மை வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு வந்த கல்லூரித் துறை, செய்தி வெளியிட்ட இதழ், உங்கள் தேனை வாங்கும் பேக்கரி ஆகியோர் தத்தம் தளத்தில் உங்களைக் குறிப்பிட்டு இணைப்புக் கொடுத்தால் அது மதிப்பு. விலைக்கு வாங்கிய ஆயிரம் இணைப்புகள் கேடு. அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளவே 2012இல் ‘பெங்குயின்’ என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணிப்பதும் வீண். யார் தொலைபேசியில் அழைத்து ‘முதலிடம் உறுதி’ என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

அளந்து பார்த்துத் திருத்துதல்

சில வாரங்கள் கழித்து சர்ச் கன்சோலைத் திறந்தால், மக்கள் எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் தெரியும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லை என்றால் தலைப்பைத் திருத்துங்கள். நீங்கள் எதிர்பாராத ஒரு கேள்விக்கு உங்கள் பக்கம் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கே ஒரு பக்கம் எழுதுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்க வேண்டியிருக்கும் என்று கூகுள் தரப்பிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள்.

தொடங்குவதற்கு ஒரு குறிப்பேடு போதும். கடையிலும் தொலைபேசியிலும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள். பத்துக் கேள்வி சேர்ந்ததும், வாரத்துக்கு ஒன்றாக, நேரில் பதில் சொல்வதுபோல எழுதிப் போடுங்கள். பெரிய அங்காடிகளுக்கு ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பற்றி இப்படி உட்கார்ந்து எழுத அங்கே ஆள் இல்லை. சிறிய கடை அவர்களை முந்தக்கூடிய இடம் அதுதான்.