ஓடிப்போன அதிபரும், மாட்டிக்கிட்ட ஃபோர்மேனும்!

எங்க ஊர் சிவகாசி. பட்டாசு ஆலையில் வெடிவிபத்துன்னு சேதி வந்தா, மறுநாள் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வி, 'கேஸ் யார் மேலப்பா?' பதிலும் பழகினதுதான். ஃபோர்மேன் கைது, உரிமையாளருக்கு வலைவீச்சு! நாலு பேர் வேலை பார்க்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்காரச் சொன்னது யாருங்கிற பேச்சு மட்டும் ஒரு வாரத்துல அடங்கிடும்.

இதே கேள்வியை ஒரு நாட்டுக்குக் கேட்டுப் பாருங்களேன்.

2025 நவம்பர் 17. வங்கதேசத்தின் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு டாக்கா தீர்ப்பாயம் தூக்குத்தண்டனை விதிச்ச நாள். அவர் 2024 ஆகஸ்ட் 5-ம் தேதியே இந்தியாவுக்கு வந்துட்டதால, அங்கே குற்றவாளி நாற்காலி காலி. அன்னிக்கு ராத்திரி எங்க ஹாஸ்டல் மெஸ்ல செம விவாதம். 'தூக்குதான் சரி'ன்னு ஒரு கோஷ்டி, 'ஓடிப்போனவரை விட்டுத் தொலைங்க'ன்னு இன்னொரு கோஷ்டி. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே சப்பாத்தி சாப்பிட்டுட்டு இருந்த ஒருத்தன், "அப்ப கோத்தபயவை என்னடா பண்ணலாம்?"னான். மெஸ் கப்சிப்!

அவன் எங்க மாவட்டத்துல இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்ல பிறந்து வளர்ந்தவன். அவங்க அம்மாவோட சொந்தக்காரர் ஒருத்தரைப் பத்தி 2009-க்கு அப்புறம் எந்தத் தகவலும் இல்லை.

கோத்தபய ராஜபக்சவை உங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். 2022 ஜூலை 9-ம் தேதி கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள்ள புகுந்து நீச்சல் குளத்துல குதிச்சாங்களே... 13-ம் தேதி ராணுவ விமானத்தில் மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர், 14-ம் தேதி இ-மெயிலில் ராஜினாமா. செப்டம்பர் 2-ம் தேதி ஊர் திரும்பிட்டார்! 'தேர்தல்ல ஜெயிச்சு வந்தவர் எப்படி சர்வாதிகாரி ஆவார்?'னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020-ல் 20-வது திருத்தம் கொண்டுவந்து அதிகாரத்தையெல்லாம் தன் கைக்குள் இழுத்துக்கிட்டவரை வேற எப்படிக் கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியலை.

நீதி கிடைச்சுதா? ஒரு துண்டு கிடைச்சுது. பொருளாதாரச் சீரழிவுக்கு கோத்தபய, மகிந்த, பசில் உள்ளிட்டவர்களே பொறுப்பு என்று 2023 நவம்பர் 14-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கணும். அவ்வளவுதான், ஜெயில் இல்லை. பெட்ரோல் க்யூவுக்கு ஒரு தீர்ப்பாவது வந்துச்சு. முள்ளிவாய்க்காலுக்கு?

2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவர். இறுதிப் போரில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. (அதே அறிக்கை புலிகள் மீதும் குற்றம் சாட்டியது. அதை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது.) கோத்தபய எல்லாவற்றையும் மறுத்தே வந்திருக்கிறார்.

இங்கேதான் எங்க ஊர் ஃபோர்மேன் வர்றார். துப்பாக்கியைத் தூக்கின சிப்பாய் மட்டும்தான் குற்றவாளியா? இல்லைங்கிறது சர்வதேசச் சட்டம். கீழே இருப்பவர்கள் செய்வது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்புதான். ரோம் சாசனத்தின் 28-வது பிரிவே இதுதான். சிக்கல் என்னன்னா, அந்தச் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. (நம்ம இந்தியாவும்தான்!) வெளிநாட்டு நீதிபதிகளும் இருக்கிற விசாரணைக்கு 2015-ல் ஜெனீவாவில் இலங்கை தலையாட்டியது. 2020-ல் கோத்தபய அரசு அந்த வாக்குறுதியிலிருந்து கழன்றுகொண்டது.

'அப்ப பிடிச்சுத் தூக்குல போடுங்க'ங்கிறீங்களா? சதாம் உசேன் கதையைப் பாருங்க. துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்ற வழக்கில் 2006 டிசம்பர் 30-ல் தூக்கிலிட்டார்கள். பல்லாயிரம் குர்துகள் கொல்லப்பட்ட அன்ஃபால் வழக்கு அப்போது பாதியில் நின்றிருந்தது. செத்தவர் மேல் கேஸ் இல்லை. குர்து அம்மாக்களுக்கு அவர் பதில் சொல்லாமலே போய்விட்டார்.

அவசரப்பட்டு அரைகுறையாக வழக்குப் போட்டாலும் ஆபத்துதான். எமர்ஜென்சிக்குப் பிறகு 1977 அக்டோபர் 3-ல் இந்திரா காந்தியைக் கைது செய்தார்கள். ஆதாரம் போதாது என்று மறுநாளே மாஜிஸ்திரேட் விடுவித்துவிட்டார். அனுதாபம் அவர் பக்கம் திரும்பியது. 1980 ஜனவரியில் மறுபடி பிரதமர்! சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் வாங்கிய அடிக்கு, கடைசியில் மிஞ்சியது நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அறிக்கைதான்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தவர் ஒரு கணக்கர். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 1982 முதல் 1990 வரை ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி ஹிசென் ஹாப்ரே. அவருடைய சிறையில் ரெண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தவர் சுலைமான் கெங்கெங் என்ற அரசு ஊழியர். ஹாப்ரே செனகலுக்கு ஓடியதும் வெளியே வந்த இவர், பட்டாசு வெடிக்கலை. நோட்டை எடுத்தார். பாதிக்கப்பட்டவங்களைத் தேடித் தேடி 792 வாக்குமூலங்களை மற்றவர்களோடு சேர்ந்து எழுதி வாங்கி, வீட்டில் ஒளித்துவைத்தார். 2001-ல் பழைய உளவுத்துறைக் கட்டடத்தில் தூசிக்குள் கிடந்த காகிதக் குவியலும் கிடைத்தது. சிறையில் இறந்த, கொல்லப்பட்ட 1,208 பேரின் பெயர் அதில்! செனகலிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைத்து, 2016 மே 30-ல் ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை. கூண்டில் அவர் உட்கார்ந்திருக்க, எதிரே நின்னு அவங்கவங்க கதையைச் சொன்னாங்க. 26 வருஷம் ஆச்சுதான். ஆனா, நடந்துச்சு.

கோத்தபயவுக்கும் இதுதான் நடக்கணும்னு எனக்குத் தோணுது. தூக்கு வேண்டாம். உயிரோட, உடம்போட, சாட்சிக் கூண்டுக்கு எதிரே உட்காரணும். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தருகே ராணுவத்திடம் சரணடைந்தவர்கள் எங்கேன்னு அவங்க வீட்டு ஆட்கள் கேட்கணும். 'காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள்' என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னவர் அவர்தானே? அப்படின்னா எங்க, எப்ப, யார் கையால? 2021-ல் இருந்து ஆதாரம் சேகரிக்க ஐ.நா.வில் ஒரு பிரிவே இயங்கியிருக்கு. ஆனா சாட்சிகளுக்கு வயசாகுதே! கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ல் ரோட்டோரம் உட்கார்ந்த அம்மாக்களில் பலர், பதில் தெரியாமலே இறந்துட்டாங்க.

அன்னிக்கு மெஸ்ல நண்பன் சொன்னான்: "எங்கம்மா ஒரு நோட்டு வெச்சிருக்காங்க மாப்ள. பேரு, வயசு, கடைசியா பார்த்த இடம், போட்டிருந்த சட்டை கலர் வரைக்கும் எழுதியிருக்கும். ஓரமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு."

அடுத்த லீவுக்கு முகாமுக்குப் போறோம். என் செல்போன்ல கேமரா கொஞ்சம் நல்லா இருக்கும்... ஒவ்வொரு பக்கமா படம் எடுத்துரலாம்னு இருக்கோம்.